ஊரே வேஷம் கட்டியிருக்கிறது

சுபாங் ஜெயாவுக்கு வெளியூர் உறவினர் யாராவது வந்தால், படம் எடுத்துக்கொள்ள முதலில் போய் நிற்பது சன்வே பிரமிட் சிங்கத்தின் முன்னால்தான். எகிப்தின் ஸ்பிங்ஸ் பாணியில் ஒரு பெரிய சிங்கம் பேரங்காடி வாசலுக்குக் காவல் இருக்கிறது, பின்னால் பிரமிட். நைல் நதிக்கும் கிள்ளான் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று 1997இல் கடை திறந்த நாள் முதல் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பக்கத்திலேயே சன்வே லகூன். ஈயம் தோண்டியெடுத்துவிட்டுக் கைவிட்ட பள்ளத்தில் தண்ணீர் விட்டு, மணல் கொட்டி, 1993இல் அதைக் கடற்கரை ஆக்கிவிட்டார்கள். சுபாங் ஜெயாவே 1976இல் சீஃபீல்ட் தோட்டத்து நிலத்தில் வீடுகள் எழும்பத் தொடங்கியபோது பிறந்த ஊர். தாத்தா பாட்டிமார் உழைத்த அந்தத் தோட்டத்தின் பெயர் இன்று ஒரு தமிழ்ப்பள்ளியின் பலகையிலும் ஒரு மாரியம்மன் கோயிலின் பெயரிலும் மிஞ்சியிருக்கிறது. 2020 அக்டோபரில் மாநகரப் பட்டமும் வந்துவிட்டது. சுரங்கம் கடற்கரையாகவும், தோட்டம் மாநகரமாகவும், சிலாங்கூரின் ஒரு மூலை எகிப்தாகவும் வேஷம் கட்டிய ஊரில், மனிதர்கள் மட்டும் சொந்த உடுப்போடுதான் நடமாட வேண்டும் என்று சட்டமா என்ன?

நடமாடுவதில்லை. வருடத்தில் சில வார இறுதிகளில் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் வேறு ஆட்களாகிவிடுகிறார்கள்.

பேருந்தில் ஒரு நிஞ்சா

யூ.எஸ்.ஜே. 7 நிலையத்தில் எல்.ஆர்.டி.யை விட்டு இறங்கி, மேம்பாலத்தில் ஓடும் பி.ஆர்.டி. மின்சாரப் பேருந்தில் ஏறினால் சன்வே லகூன் நிறுத்தம் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். மொத்தம் ஏழு நிறுத்தங்கள், 5.4 கிலோமீட்டர். 2015இல் ஓடத் தொடங்கிய இந்தப் பேருந்தில் மற்ற நாட்களில் கல்லூரிப் பிள்ளைகளும் மருத்துவமனைக்குப் போகிறவர்களும்தான் இருப்பார்கள். கதைப் பாத்திரங்களைப் போல வேஷம் கட்டும் காஸ்பிளே விழா நடக்கும் சனிக்கிழமையில் ஏறிப் பாருங்கள். நருத்தோ நெற்றிப்பட்டை கட்டிய நிஞ்சா கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஊதா நிற முடி வைத்த பெண், முடி கலையாமல் இருக்கக் கழுத்தை ஒரு பக்கமாகவே வைத்திருப்பாள். அட்டை வாளைத் துணியில் சுற்றிக் கைக்குழந்தையைப் போல அணைத்திருப்பான் இன்னொருவன். மார்க்கெட்டிலிருந்து வரும் அம்மா, கீரைக்கட்டு வாளில் உரசாமல் நகர்ந்து உட்காருவார். யாரும் வாயைப் பிளந்து பார்ப்பதில்லை. மூன்று இனத்துத் திருவிழா உடைகளையும் வருடம் முழுக்கப் பார்த்துப் பழகிய ஊர் இது. இன்னொரு திருவிழா போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கைப்பேசிக்குத் திரும்பிவிடுகிறது.

மலேசியாவில் இந்தக் கூட்டத்துக்குக் கால் நூற்றாண்டு வரலாறு உண்டு. 2002இல் தொடங்கிய காமிக் ஃபியஸ்டா இன்று கே.எல்.சி.சி. மாநாட்டு மையத்தில் டிசம்பர்தோறும் நடக்கும் பெருவிழா. 2009இல் தொடங்கிய அனிமங்காக்கி, பல ஆண்டுகள் சன்வே பிரமிட் மாநாட்டு மையத்தையே தன் வீடாக வைத்திருந்தது. காமிக்ஸ் வரைகிறவர்கள் கடை விரிப்பார்கள், வீடியோ கேம் ஆட்டம் நடக்கும், மேடையில் போட்டி இருக்கும். ஆனாலும் நுழைவுச்சீட்டு வாங்கி வருகிற பலருக்கு நிஜமான காட்சி மண்டபத்துக்கு வெளியே, நடைபாதையில்தான். உடுத்தி வந்தவர்கள் நிற்பார்கள், படம் எடுப்பவர்கள் சூழ்வார்கள். நின்றவரே சற்று நேரத்தில் கேமராவை வாங்கி இன்னொருவரைப் படமெடுப்பார். பார்க்க வந்தவன் யார், பார்க்கப்படுகிறவன் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தப் பழக்கம் ஜப்பானில் முளைத்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதற்கு முன்பே அமெரிக்காவில் ஆரம்பித்துவிட்டார்கள். 1939 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மன் என்ற இளைஞர் எதிர்கால மனிதனைப் போலப் பச்சை மேலங்கியும் கால்சட்டையுமாக வந்தார். கூட வந்த மிர்ட்டல் டக்ளஸ் என்ற பெண்ணும் அதே பாணியில் உடுத்தியிருந்தார். இரண்டு உடைகளையும் உருவாக்கியவர் மிர்ட்டல். சரித்திரத்தில் பெரிய எழுத்தில் பெயர் வாங்கியது அக்கர்மன். தையல் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு எல்லா ஊரிலும் இதே கதிதான்.

கோட்டுப் போட்ட கபாலி

காஸ்பிளே மண்டபத்தில் தமிழ் முகங்கள் உண்டு. ஆனால் குறைவு. விரல்விட்டு எண்ணலாம் என்று சொல்லமாட்டேன்; சீன, மலாய்ப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் குறைவு, அவ்வளவுதான். இதைப் பார்த்துவிட்டு, ‘நம்ம ஆளுங்களுக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை’ என்று சிலர் முடிவுகட்டுவதுண்டு. ரசிக வெறியில் தமிழனுக்கு ஆர்வம் இல்லையாம்! கேட்டால் புக்கிட் ஜாலில் மைதானமே சிரிக்கும்.

2025 டிசம்பர் 27ஆம் தேதி விஜய்யின் ‘ஜன நாயகன்’ பாடல் வெளியீட்டு விழா அந்த மைதானத்தில்தான் நடந்தது. 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட மைதானம். எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம். நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பேருந்து பிடித்து வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து விமானம் ஏறியும் வந்தார்கள். இதுதான் தன் கடைசிப் படம் என்று நடிகரே சொல்லிவிட்ட பிறகு ரசிகனுக்கு வேறு காரணம் வேண்டுமா? ஒரே மாதத்தில் கோலாலம்பூரின் ஒரு பக்கம் காமிக் ஃபியஸ்டா, இன்னொரு பக்கம் தளபதி திருவிழா. இரண்டுக்கும் போன தமிழ்ப் பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள். இரண்டு இடத்துக்கும் அவர்கள் வெவ்வேறு விதமாக உடுத்திப் போயிருப்பார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சினிமா ரசிகன் நட்சத்திரத்தின் முகத்தைப் பனியனில் அச்சிட்டு நெஞ்சில் போட்டுக்கொள்கிறான். காஸ்பிளே ரசிகன் தன் முகத்தையே மாற்றிக்கொள்கிறான். முதலாமவன் சாமி தூக்குகிறவன். இரண்டாமவன் சாமியாடுகிறவன்.

நம் ஆட்கள் சாமி ஆடவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2016 ஜூலை 22ஆம் தேதி ‘கபாலி’ வந்தபோது கிள்ளான் பள்ளத்தாக்கின் திரையரங்கு வாசல்களில் கோட்டு சூட்டோடு வந்த இளைஞர்கள் எத்தனை பேர்! வெயில் கொளுத்தும் ஊரில் மூன்று துண்டு சூட்டு. தாடிக்கு நரை அடித்துக்கொண்டவர்களும் உண்டு. ரஜினிக்கு அந்த உடைகளை வடிவமைத்தவர் அனு வர்தன், இயக்குநர் பா. ரஞ்சித்துக்கு அந்தக் கோட்டு ஓர் அரசியல் அடையாளம். விமானத்தின் உடம்பு முழுக்க ரஜினியின் முகத்தை வரைந்து ஏர் ஏஷியா பறக்கவிட்டது அப்போதுதான். மலாய் மொழியிலும் படம் பேசியது. தணிக்கைக்காக மலேசியப் பதிப்பின் முடிவில், கபாலி போலீசிடம் சரணடைந்தார் என்று ஒரு வரி சேர்த்தார்கள். இங்கே வாழ்ந்த ஒரு தமிழன் எப்படி முடிய வேண்டும் என்பதை அந்த ஒரு வரி தீர்மானித்துவிட்டதே என்று பலருக்கும் வருத்தம்.

அந்தப் படத்தைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். உடை விஷயத்தில் நான் சொல்ல விரும்புவது இது. தோட்டத்துத் தொழிலாளி மகன், கோலாலம்பூர்த் தாதா, சிறையிலிருந்து வெளியே வந்து கோட்டு மாட்டுகிறவன்: இவன் மலேசியத் தமிழன். ரஜினி ரசிகன் ரஜினியைப் போல உடுத்துவது ஐம்பது வருடப் பழக்கம். இந்த ஒருமுறை ரஜினிதான் நம்மைப் போல வேஷம் கட்டினார். அன்று கோட்டுப் போட்டுப் போன கிள்ளான் பையன், தன்னைப் போல வேஷம் போட்டவரைப் போலத் தானும் வேஷம் போட்டிருந்தான். காஸ்பிளேக்காரர்கள் எத்தனை ஆண்டு முயன்றாலும் இப்படி ஒரு சுற்று அவர்களுக்கு வாய்க்காது.

திரைக்கும் உடைக்கும் உள்ள இந்தக் கொடுக்கல் வாங்கல் நமக்குப் புதிது இல்லை. 1980களின் நடுவில் நதியா கம்மலும் நதியா வளையலும் இல்லாத நகைப்பெட்டி தமிழ் வீட்டில் உண்டா? ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் 2022 செப்டம்பர் 30ஆம் தேதி வந்து, அடுத்த மாதமே தீபாவளியும் வந்தது. குந்தவை போலவும் நந்தினி போலவும் கொண்டை போட்டுப் படம் பிடித்துப் போடாத பெண்கள் அந்த வருடம் குறைவு. படத்தின் உடைகள் ஏகா லக்கானியின் கைவண்ணம். அவருக்கு எழுபது ஆண்டு முன்பே ‘கல்கி’ இதழில் மணியம் வரைந்த படங்கள் வாசகர் மனத்தில் பதிந்துபோயிருந்தன. அதனால்தான், நந்தினி இப்படியா இருப்பாள் என்று பாட்டிகளும் பேத்திகளும் ஒரே வீட்டில் சண்டை போட்டார்கள். ஒரு பாத்திரத்தின் கொண்டைக்காகக் குடும்பத்தில் சண்டை வருகிறது என்றால், அந்தக் குடும்பம் காஸ்பிளே மண்டபத்துக்கு வெளியே நிற்க வேண்டியதே இல்லை.

கண்மை மீசை

வேஷத்தைப் பற்றி நமக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். வேஷத்தின் பெயரையே சொந்தப் பெயராக வாங்கியவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய மக்கள் நாம். அண்ணாதுரையின் நாடகத்தில் சத்ரபதி சிவாஜியாக வந்த கணேசனைப் பார்த்துவிட்டுப் பெரியார் அவருக்குச் சிவாஜி என்று பெயர் சூட்டினார். அந்தக் கிரீடம் கழன்றும் பெயர் கழலவில்லை. 1959இல் அவர் கட்டபொம்மனாக வந்தபின் தமிழ்நாட்டிலும் மலாயாத் தோட்டங்களிலும் அட்டை வாளோடு மேடையேறி, மூச்சுவிடாமல் வசனம் பேசிய சின்னக் கட்டபொம்மன்களுக்குக் கணக்கே இல்லை.

அதன் மிச்சம்தான் தமிழ்ப்பள்ளிகளின் மாறுவேடப் போட்டி. பஞ்சுத் தாடி ஒட்டினால் வள்ளுவர். வெள்ளைச் சேலையும் கோலும் தந்தால் ஔவையார். முண்டாசு கட்டி, கறுப்புக் கோட்டு மாட்டி, அம்மாவின் கண்மையால் மீசை வரைந்தால் பாரதியார். சுதந்திர மாதமென்றால் சொங்கோக் வைத்த குட்டித் துங்குவும் வருவார். மேடையில் ஏறியதும் பாதி வசனம் மறந்துபோகும், மீசை வேர்வையில் வழியும், நடுவர் சிரித்துக்கொண்டே மதிப்பெண் போடுவார். முந்தைய இரவு அந்த உடைக்காகக் குடும்பமே விழித்திருந்திருக்கும். அப்பா அட்டையை வெட்டுவார், பாட்டி தைப்பார், அத்தை யூடியூப்பில் முண்டாசு கட்டக் கற்றுக்கொள்வார்.

ஏழு வயதில் இவ்வளவும் செய்து கொடுத்த அதே வீடு, பதினேழு வயதில் பையன் நெற்றிப்பட்டை கட்டினால் ‘படிக்கிற வயசுல இது எதுக்கு?’ என்று கேட்கிறது. பாரதி வேஷம் பண்பாடு. நிஞ்சா வேஷம் பைத்தியம். சரி, பாரதியையும் நிஞ்சாவையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். ஆனால் அட்டை வெட்டவும் துணி தைக்கவும் ஒரு பாத்திரத்துக்குள் புகுந்து நடக்கவும் கற்றுக்கொடுத்தது நாம்தானே? ஆறாம் ஆண்டோடு அதை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது?

குலசையில் நேர்த்திக்கடன்

உலகத்துக் காஸ்பிளே விழாக்களை எல்லாம் விழுங்கிவிடும் ஒன்று தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரையில் இருக்கிறது. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா. அங்கே வேஷம் நேர்த்திக்கடன். நோய் தீர வேண்டும், பிள்ளை பிறக்க வேண்டும், வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் மாலை போட்டு, காப்புக் கட்டி விரதம் இருந்து வேஷம் கட்டுவார்கள். 41 நாள் விரதம் இருப்பவர்களும் உண்டு. காளி வேஷம் போடுகிறவர்களுக்குக் கட்டுப்பாடு கடுமை. குறவன், குறத்தி, குரங்கு, கரடி, ராஜா, போலீஸ்காரர், எமன், பிச்சைக்காரர் என்று வேஷத்துக்கு எல்லையே இல்லை. ஊர் ஊராகத் தசராக் குழு அமைத்து, மேளத்தோடு வீடு வீடாகப் போய்க் காணிக்கை வாங்கி, அந்தப் பணத்தைக் கோயில் உண்டியலில் சேர்ப்பார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். லட்சக்கணக்கில் கூட்டம்.

லட்சாதிபதியும் வேஷம் கட்டிக் கை நீட்டியாக வேண்டும் என்பதுதான் குலசையில் எனக்குப் பிடித்தது. அகம்பாவத்தைக் கழற்றி வைக்க இதைவிட நேரடியான வழி கிடையாது. அங்கே நல்லதோடு கெட்டதும் உண்டு. சினிமா ஆட்டக்காரர்களை வரவழைத்து ஆபாச நடனம் நடத்தியதால், அதைத் தடுக்க நீதிமன்றமே தலையிட வேண்டி வந்தது. ஆனாலும் தன் வேஷத்தைத் தானே தேர்ந்தெடுத்து, அதற்காகப் பட்டினி கிடந்து, அதற்குரிய நடை பாவனையோடு ஒரு கூட்டம் தெருவில் இறங்குகிறது என்றால் அது ரசிகத்தன்மையின் உச்சம். காளிக்கு ரசிகர் மன்றம் வைத்திருக்கிறவர்கள் அவர்கள்.

அப்படிப் பார்த்தால் 2024 பிப்ரவரியில் சென்னை வர்த்தக மையத்தில் முதன்முறையாக காமிக் கான் நடந்தபோது, ‘சென்னைக்குக் காஸ்பிளே வந்துவிட்டது’ என்று பத்திரிகைகள் எழுதியது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

பாயை அறுத்துக் கவசம்

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் காஸ்பிளேயை உடை வாங்கும் பொழுதுபோக்கு என்று நினைக்கிறார்கள். ஒரு கவசம் எப்படி உருவாகிறது என்று ஒருமுறை பார்த்தால் அப்படிப் பேசமாட்டார்கள்.

குழந்தைகள் தவழ்ந்து விளையாட, புதிர்த் துண்டுகள் போல ஒன்றோடொன்று மாட்டும் நுரைப்பாய் விற்கிறதே, அந்த ஈ.வி.ஏ. ஃபோம்தான் மூலப்பொருள். முதலில் உடம்பில் சமையலறை பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் ஒட்டும் நாடா ஒட்ட வேண்டும். அதில் பேனாவால் கோடு போட்டு வெட்டியெடுத்தால் உங்கள் தோளுக்கும் மார்புக்கும் பொருந்தும் அளவு கிடைக்கும். அதை நுரைப்பாயில் வைத்து வரைந்து, புது பிளேடால் அறுக்க வேண்டும். பழைய பிளேடு விளிம்பைக் குதறிவிடும். பிறகு சூடான காற்று ஊதும் ஹீட் கன். சூடு பட்டதும் நுரை இளகி, கையால் வளைத்த வடிவத்திலேயே ஆறும். மேல்தோலும் இறுகிப் பெயிண்ட் உறிஞ்சாமல் இருக்கும். ஒட்டுவதற்குச் செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் பசை. இரண்டு பக்கமும் தடவி, காயும் வரை காத்திருந்து, ஒரே தடவையில் பொருத்த வேண்டும். அவசரப்பட்டால் கோணல். ஜன்னலைத் திறந்து வைக்காவிட்டால் தலை சுற்றும். அதன்மேல் வெள்ளைப் பசை நாலைந்து பூச்சு, பிறகு வெள்ளி நிறம், பிறகு பழசாகத் தெரியக் கறுப்பைத் தடவித் துடைக்க வேண்டும். நன்றாகச் செய்தால் மூன்றடி தூரத்தில் நின்று இது இரும்பில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

இவ்வளவுக்கும் பெரிய முதலீடு தேவையில்லை. மிஸ்டர் டி.ஐ.ஒய். கடை ஒன்றும் ஜாலான் மஸ்ஜித் இந்தியா துணிக்கடைகளும் போதும். (அந்த மிஸ்டர் டி.ஐ.ஒய். 2005இல் முதல் கடை திறந்ததும் பக்கத்து ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில்தான்.) துணி பேரம் பேசுவதில் நம் அம்மாமாரை மிஞ்ச ஆள் உண்டா? பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் ரவிக்கை தைத்தே கண் மங்கிய தையற்காரர்கள் இருக்கிறார்கள். ‘டீமன் ஸ்லேயர்’ தஞ்சிரோவின் பச்சைக் கறுப்புக் கட்டம் போட்ட மேலங்கியை அவர்களிடம் படத்தில் காட்டினால், ஒரு பார்வை பார்த்துவிட்டு எத்தனை மீட்டர் துணி வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் மட்டும் போய்விடாதீர்கள், திட்டு விழும்.

முழு உடையையும் இணையத்தில் வாங்கி, பொட்டலத்தைப் பிரித்து மாட்டிக்கொண்டு வருகிறவர்களும் ஏராளம். அதைக் குற்றம் என்று சொல்லமாட்டேன். நேரமில்லாதவர்கள், தைக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? ஆனாலும் வாங்கிய உடை எல்லோர் மேலும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. கோணலாக ஒட்டிய கவசத்தில் செய்தவனின் கை தெரியும். விழா மண்டபங்கள் வர வரப் பெரிய நிறுவனங்களின் விற்பனைக் கூடமாகிவருவதைப் பார்க்கும்போது, அந்தக் கோணல் கவசத்தின்மேல் எனக்குப் பிரியம் கூடிக்கொண்டே போகிறது.

யார் யாராக ஆகலாம்?

தமிழ்ப் பிள்ளைகள் குறைவாக வருவதற்கு வீட்டுத் திட்டு மட்டும் காரணம் இல்லை. கறுப்பாக இருந்துகொண்டு வெள்ளைத் தோல், நீலக் கண் பாத்திரத்தின் உடையைப் போட்டால் என்ன சொல்வார்களோ என்ற கூச்சம் உண்டு. அது கற்பனைப் பயமும் அல்ல. அமெரிக்காவில் சாக்கா கம்பர்பேட்ச் என்ற கறுப்பினப் பெண் ‘செய்லர் மூன்’ கதையின் பொன்முடிப் பாத்திரமான செய்லர் வீனஸாக உடுத்தியபோது இணையத்தில் அவர்மேல் கொட்டிய ஏச்சு கொஞ்சமல்ல. அவர் ஒதுங்கவில்லை. 2015 பிப்ரவரியில், மாதம் முழுக்கக் கறுப்பினக் காஸ்பிளே கலைஞர்களின் படங்களை நாளொன்றாகப் பகிரும் இயக்கத்தைத் தொடங்கினார். உலகெங்கும் பரவியது. தோல் நிறத்தைப் பவுடரால் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை, உடையும் பாவனையும் போதும் என்று அதன்பிறகு துணிந்தவர்கள் பலர்.

இதே துணிவை நம் ஊர் மலாய்ப் பெண்கள் அவர்கள் வழியில் காட்டியிருக்கிறார்கள். தலைமுக்காட்டைக் கழற்றாமலே, அந்தத் துணியையே பாத்திரத்தின் முடியாக மடித்துப் பின்னி வடிவமைக்கிறார்கள். நீல முடிக்கு நீலத் துணி, இரட்டைச் சடைக்கு இரண்டு மடிப்பு. நம்பிக்கையையும் விட்டுக்கொடுக்கவில்லை, பாத்திரத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. மலேசியா உலகக் காஸ்பிளேக்குத் தந்த சொந்தச் சரக்கு இதுதான் என்பேன்.

நமக்கான பாத்திரங்களும் இல்லாமலில்லை. 2011இல் டிவி3இல் தொடங்கிய ‘போபோய்பாய்’ தொடரில் சாப்பாட்டு ராமன் கோபால் இருக்கிறான். கண்ணில் பட்டதையெல்லாம் உணவாக மாற்றுவது அவன் சக்தி! ஷா ஆலமில் இயங்கும் லெஸ் கொபாக் நிறுவனத்தின் ‘உபின் இபின்’ கதையில் முத்து அங்கிளும் ராஜுவும் தேவியும் இருக்கிறார்கள். ஆனால் குழந்தைகள் கூட்டமாக வேஷம் போடும்போது ஆரஞ்சுத் தொப்பிப் போபோய்பாயாகத்தான் எல்லோரும் ஆக விரும்புகிறார்கள். கோபாலாக ஆக ஆள் கிடைப்பதில்லை. பயந்தாங்கொள்ளியாகவும் தீனிப் பண்டாரமாகவும் எழுதப்பட்ட பாத்திரமாக எந்தப் பிள்ளை ஆசையோடு ஆகும்? 2023இல் வந்த ‘அக்ராஸ் த ஸ்பைடர்வெர்ஸ்’ படத்தில் பவித்ர் பிரபாகர் என்ற இந்திய ஸ்பைடர்மேன் வந்ததும் உலகெங்கும் இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் அந்த உடையைத் தைக்கத் தொடங்கினார்கள். அழகாக எழுதினால் ஆக ஆசைப்படுவார்கள். கணக்கு அவ்வளவுதான். நம் எழுத்தாளர்களும் ஓவியர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மறுபக்கமும் வாசல் திறந்துகொண்டிருக்கிறது. ஜப்பானிய அனிமேஷனை மலாய்க் குரலில் கேட்டு வளர்ந்த தலைமுறை இங்கே உண்டு. டோரேமோன் மலாய்தான் பேசும் என்று நம்பியவர்கள் நாங்கள். இப்போது 2025இல் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ இந்தியத் திரையரங்குகளில் தமிழிலேயே பேசி ஓடியது. தமிழ் பேசும் தஞ்சிரோவாகத் தமிழ்ப் பையன் ஆவதற்கு இனி யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

அனுமதி என்றதும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். இந்த விழாக்களுக்குப் பார்வையாளராகப் போகிறவர்களில் சிலர் உடுத்தி நிற்கும் பெண் பிள்ளைகளைக் காட்சிப் பொருளாக நினைத்துத் தோளில் கைபோடுகிறார்கள், கீழிருந்து படம் எடுக்கிறார்கள். வேஷம் போட்டால் சம்மதம் தந்ததாக அர்த்தமில்லை என்று 2014இல் நியூயார்க் காமிக் கான் வாசலிலேயே பலகை வைத்தது. நம் மண்டபங்களிலும் விதிகள் உண்டு: கேட்டுவிட்டுப் படம் எடு, தொடாதே, உலோக வாள் கூடாது, நிஜத் துப்பாக்கி போலத் தெரிவதைச் சோதனைக்குக் காட்டு. முதல் நாள் முதல் காட்சிக் கூட்டத்தில் இந்த ஒழுங்கில் பாதி இருந்தால் எத்தனையோ அக்கா தங்கைகள் நிம்மதியாகப் படம் பார்ப்பார்கள்.

பிழைப்புக்கு உதவுமா என்று கேட்கும் அப்பாக்களுக்கு நேர்மையான பதில்: பெரும்பாலும் உதவாது. ஒரு சிலர் திரைப்பட உடை, நாடக அரங்கு, பொம்மை வடிவமைப்பு என்று போகலாம். மற்றவர்களுக்கு இது வார இறுதிச் சந்தோஷம் மட்டுமே. அதற்கென்ன? முதல் காட்சிக்கு விடியற்காலை வரிசையில் நின்றது நம்மில் யாருடைய பிழைப்புக்கு உதவியது? பிள்ளையின் அறையில் பசை நாறுகிறது என்றால் ஜன்னலைத் திறந்துவிடுங்கள், முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். முடிந்தால் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒட்டும்போது இரண்டு கை போதாது.

ரசிகர் மன்றத்துத் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பெரிய படம் வரும்போது பேனருக்கும் பட்டாசுக்கும் ஒதுக்கும் காசில் பாதியை எடுத்து, திரையரங்கு வாசலில் ஒரு வேஷப் போட்டி வையுங்கள். எம்.ஜி.ஆர். வரட்டும், கபாலி வரட்டும், வந்தியத்தேவன் வரட்டும், கோபாலும் வரட்டும். நடுவராகக் கிள்ளானிலிருந்து ஒரு தையற்காரரைக் கூப்பிடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை போதும்: கடையில் வாங்கிய உடைக்குப் பரிசு கிடையாது.